நிழலில்தான் வைத்திருக்கிறேன், அப்புறம் ஏன் 4 டிகிரி கூடுதல்?

கேள்வி: மார்ச் 3, இரவு 9:12

வீட்டு வானிலைக் கருவி வாங்கி மூன்று வாரம் ஆகிறது. வெளியே வைக்கும் சென்சாரை மொட்டை மாடியில், படிக்கட்டு அறையின் மேற்குச் சுவரில், சன்ஷேடுக்கு அடியில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். நேரடி வெயில் படவே படாது. இன்று பிற்பகல் 3 மணிக்கு 41.3 காட்டியது. 6 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வானிலை நிலையத்தில் அதே நேரம் 37.1. நிழலில் இருக்கும் சென்சார் எப்படிப் பொய் சொல்லும்? அவர்கள்தான் குறைத்துச் சொல்கிறார்கள் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு வரவும்.

பதில்: மார்ச் 3, இரவு 10:40

மறுக்கிறேன். காரணத்தோடுதான்.

உங்கள் சென்சார் பொய் சொல்லவில்லை. தன்னுடைய சூட்டைத் துல்லியமாகச் சொல்கிறது. அது காற்றின் சூடு என்று நாம்தான் எடுத்துக்கொள்கிறோம். எந்த வெப்பமானியும் காற்றை அளப்பதில்லை, தன்னைத்தான் அளக்கிறது. காற்று அதைத் தொட்டுக்கொண்டு போகிறது. சுவர், தரை, வானம், சூரியன் எல்லாம் தொடாமலே கதிர்வீச்சாக வெப்பத்தைக் கொடுக்கின்றன, வாங்குகின்றன. இந்த இழுபறி எங்கே போய் நிற்கிறதோ அதுதான் திரையில் தெரியும் எண்.

மேற்குச் சுவர், பிற்பகல் 3 மணி. சுவரைத் தொட்டுப் பாருங்கள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தளத்தில் நின்று பாருங்கள். எத்தனை நொடி தாங்குகிறது என்று இங்கே எழுதுங்கள்.

மார்ச் 3, இரவு 10:52

இன்னொன்று. "நேரடி வெயில் படவே படாது" என்பதை எத்தனை மணிக்குப் போய்ப் பார்த்தீர்கள்? மதியம் 12 மணிக்கென்றால் அது கணக்கில் வராது. சன்ஷேடு உச்சி வெயிலுக்குத்தான் குடை. சூரியன் மேற்கே சாய்ந்தபின் வெயில் அதற்கு அடியில் நுழைந்துவிடும். மாலை 5 மணிக்கு ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

மார்ச் 4

காசு செலவில்லாத சோதனை ஒன்று. சாதாரண வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் உறுதியாகக் கட்டி, நல்ல நிழலில் நின்று, இரண்டு நிமிடம் தலைக்கு மேலே சுழற்றுங்கள். நிறுத்திய உடனே படியுங்கள். வேகமாகச் சுழலும்போது வெப்பமானியின் மீது காற்று நிறையப் பாய்கிறது. கதிர்வீச்சின் பங்கு அடங்கி, காற்றின் பங்கு ஓங்குகிறது. பழைய வானிலைப் பணியாளர்கள் உலர் குமிழ் (சாதாரண வெப்பமானி), ஈரக் குமிழ் (குமிழில் ஈரத்துணி சுற்றியது) இரண்டையும் ஒரே சட்டத்தில் பொருத்திச் சுழற்றியதும் இதே காரணத்துக்காகத்தான்.

கயிறு அறுந்தால் நான் பொறுப்பில்லை. எனக்கு ஒரு முறை அறுந்திருக்கிறது.

மார்ச் 9

"அப்படியென்றால் எங்கேதான் வைப்பது?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். என்னுடையதைச் சொல்கிறேன். டிசம்பர் கடைசியிலிருந்து வடக்குச் சுவரில் இருக்கிறது. சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி, கம்பி நீட்டி அதன் நுனியில். மேலே சன்ஷேடு. இந்த இரண்டரை மாதத்தில் நிலையத்தோடு அரை டிகிரிக்கு மேல் விலகியதே இல்லை. வடக்குச் சுவரில் வெயில் படாது. வடக்கில் வையுங்கள், நிம்மதியாக இருங்கள்.

(மே 6 பதிவைப் படிக்காமல் இந்த அறிவுரையைப் பின்பற்ற வேண்டாம். அழிக்காமல் விட்டிருப்பது எனக்கே ஒரு பாடமாக இருக்கட்டும் என்றுதான்.)

மார்ச் 10

ஈரப்பதம் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், வெயிலில் அதுவும் கெடும், எதிர்த் திசையில். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அதே காற்றைச் சென்சார் தன் கூட்டுக்குள் 33 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டால் அங்கே ஈரப்பதம் 51க்கு அருகில் காட்டும். காற்றிலிருந்த நீராவி எங்கும் போகவில்லை. சூடான காற்றுக்குக் கொள்ளளவு அதிகம், ஆகவே விழுக்காடு குறைகிறது.

இதில் ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. மேலே சொன்ன இரண்டு நிலையிலும் பனிநிலை, அதாவது காற்றைக் குளிர்வித்தால் எந்த வெப்பத்தில் பனித்துளி விழத் தொடங்குமோ அது, ஒன்றுதான்: சுமார் 21.4 டிகிரி. ஆகவே உங்கள் கருவியும் நிலையமும் பனிநிலையில் ஒத்துப்போய், வெப்பத்தில் மட்டும் 4 டிகிரி விலகினால், கெட்டது சென்சார் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் இடம். பனிநிலையும் சேர்ந்து விலகினால் சென்சாரையே சந்தேகப்படலாம்.

கேள்வி கேட்டவர் தன் பனிநிலையையும் நிலையத்துடையதையும் பக்கத்தில் பக்கத்தில் போடட்டும்.

மார்ச் 10, சற்று நேரம் கழித்து

ஒரு திருத்தம். வெப்பமும் ஈரப்பதமும் ஒரே சில்லில் (சிப்பில்) அளக்கப்படும்போதுதான் இது செல்லும். எஸ்எச்டி31 போன்ற சென்சார் சில்லுகளில் இரண்டும் ஒன்றாக இருக்கும். வெப்பத்துக்கு ஒரு கம்பிச் சென்சார் வெளியே, ஈரப்பதத்துக்கு வேறொன்று பெட்டிக்குள் என்று வைத்திருப்பவர்களுக்குப் பனிநிலைக் கணக்கு குப்பை. இரண்டு வேறு காற்றை ஒன்றாகக் கலந்து கணக்குப் போட்டது போல.

மார்ச் 11

"என்னுடையது நேற்று 85 டிகிரி காட்டியது, வெயில் இவ்வளவு செய்யுமா?" என்று ஒருவர்.

செய்யாது. உங்களிடம் இருப்பது டிஎஸ்18பி20 என்ற வெப்பச் சென்சார். மின்சாரம் வந்தவுடன், முதல் அளவீடு முடிவதற்கு முன்பே படித்தால் அது 85 என்றுதான் சொல்லும். பிறந்தவுடன் அதன் வாயில் இருக்கும் எண் அது. மின்னிணைப்பு தளர்ந்து, சென்சார் அடிக்கடி செத்துச் செத்துப் பிழைக்கிறது. சாலிடரைப் பாருங்கள். வெயிலைத் திட்டாதீர்கள், பாவம்.

மார்ச் 17

கேள்வியாளர் மாலை 5:05க்கு எடுத்த படத்தைப் போட்டுவிட்டார். சென்சாரின் மேல் பளிச்சென்று வெயில். பனிநிலை இரண்டுக்கும் 0.3 தான் வித்தியாசம். செருப்பில்லாமல் தளத்தில் நின்றது "நான்கு நொடி, அதுவும் குதித்துக்கொண்டே".

சன்ஷேடுக்கு அடியில் சூரியனையும் சேர்த்துத்தான் மாட்டியிருக்கிறீர்கள். ஆனால் கவனியுங்கள், நீங்கள் கேள்வி கேட்ட 3 மணிக்கு வெயில் நேரடியாகப் படவில்லை, அப்போதே 4 டிகிரி கூடுதல். அது முழுக்கச் சுவரும் தளமும் செய்த வேலை. 5 மணிக்குக் கூட்டாளியும் வந்து சேர்ந்துகொண்டார்.

ஏப்ரல் 21

என் சென்சார் கெட்டுவிட்டது போலிருக்கிறது. பத்து நாளாகக் காலை 7 மணியிலிருந்து 8:30 வரை வரைபடத்தில் ஒரு புடைப்பு. சரசரவென்று 2 டிகிரிக்கு மேல் ஏறி, பிறகு இறங்கி, மறுபடி ஒழுங்கான பாதைக்கு வந்துவிடுகிறது. இரவில் உள்ளே ஈரம் கோத்துக்கொண்டு காலையில் உளறுகிறது என்று நினைக்கிறேன். புதுச் சில்லு வரவழைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 28

புதுச் சில்லு மாட்டியாயிற்று. அதே புடைப்பு, அதே நேரம். மின்னிணைப்பு, கம்பி, நிரல் எல்லாம் பார்த்தாயிற்று. காலையில் அக்கம்பக்கத்தில் யாராவது ஏதாவது இயந்திரம் ஓட்டுகிறார்களா என்றுகூடக் காது கொடுத்துக் கேட்டாயிற்று.

மே 6

மார்ச் 9ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். மொத்தமாக.

மூன்று நாள் காலையில் மேகமூட்டம். மூன்று நாளும் புடைப்பு இல்லை. நான்காம் நாள் வானம் தெளிந்தது, புடைப்பு வந்தது. அப்போதுதான் உறைத்தது. இன்று காலை 7:20க்கு மேலே போய்ப் பார்த்தால், "வெயில் படாத" வடக்குச் சுவரில் என் நிழல் நீளமாகச் சரிந்து விழுகிறது. சென்சாருக்கும் சூரியனுக்கும் நடுவே ஓர் அட்டையைப் பிடித்தேன். நான்கு நிமிடத்தில் 2 டிகிரி இறங்கியது. அட்டையை எடுத்தேன், ஏறியது. சில்லுக்குக் கொடுத்த காசு தண்டம்.

நடந்தது இதுதான். மார்ச் 21 வாக்கில் சூரியன் நடுக்கோட்டைத் தாண்டி வடக்கே வருகிறது. அன்றிலிருந்து செப்டம்பர் 23 வரை அது உதிப்பது நேர்கிழக்குக்குச் சற்று வடக்கே, மறைவது நேர்மேற்குக்குச் சற்று வடக்கே. பூமியின் வடபாதியில் எங்கே இருந்தாலும் இந்த ஆறு மாதம் வடக்குச் சுவருக்குக் காலையிலும் மாலையிலும் வெயில் உண்டு. கடக ரேகைக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு இன்னும் மோசம்: ஆண்டில் சில வாரமோ சில மாதமோ நடுப்பகலிலேயே சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். உத்தராயணம் என்ற சொல் சின்ன வயதிலிருந்தே தெரியும். சுவரில் அதற்கு ஒரு விளைவு இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

நான் சென்சாரை மாட்டியது டிசம்பரில். சூரியன் தெற்குக் கோடியில் இருந்த நேரம். எந்த வடக்குச் சுவரும் அப்போது நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

மே 6, இரவு

"மாலையிலும் வெயில் என்றால் மாலையிலும் புடைப்பு வந்திருக்க வேண்டுமே?" என்று கேட்டவர் சரியாகக் கேட்டார். வந்திருக்கிறது. வரைபடத்தைப் பெரிதாக்கினால் 5 மணிக்கு மேல் சின்னதாகத் தெரிகிறது. காலையில் காற்று அசைவில்லாமல் கிடக்கிறது. பட்ட வெயில் எல்லாம் சென்சாரிலேயே தங்குகிறது. மாலையில் காற்று வீசுகிறது, வெயில் கொடுப்பதை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. போதாக்குறைக்கு வெப்பம் இறங்கும் நேரம் வேறு, புடைப்பு அந்தச் சரிவில் ஒளிந்துகொள்கிறது. இரட்டைக் கொம்பு, ஒன்று உடைந்த கொம்பு.

இதைக் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் செப்டம்பர் கடைசியில் கொம்பு தானாகவே மறைந்திருக்கும். நானும் "சில்லை மாற்றினேன், கொஞ்ச நாளில் சரியாகிவிட்டது" என்று இங்கே எழுதியிருப்பேன்.

மே 8

எந்தச் சுவரும் வேண்டாம். கம்பம்தான்.

உலக வானிலை அமைப்பு சொல்லும் உயரம் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர். சுற்றிலும் திறந்த வெளி, அடியில் குட்டைப் புல். அவர்களே இடங்களை 5 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகுப்பு என்றால் கட்டடம், தார்த்தரை போன்ற வெப்ப மூலங்கள் 100 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் இடத்தால் 1 டிகிரி வரை பிழை வரலாம், நான்காம் வகுப்பில் 2, ஐந்தாம் வகுப்பில் 5 டிகிரி வரை. கேள்வியாளரின் மேற்குச் சுவர் எந்த வகுப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் வடக்குச் சுவரும் அதே வகுப்பில்தான், கொஞ்சம் முன் பெஞ்ச்.

வீட்டில் 100 மீட்டர் திறந்தவெளி வைத்திருப்பவர் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். கிடைப்பதில் நல்லதைத் தேட வேண்டியதுதான். மண் தரை கிடைத்தால் மாடியை மறந்துவிடுங்கள். மாடிதான் கதி என்றால் தளத்தின் நடுவில், கைப்பிடிச் சுவருக்கு மேலே தலை நீட்டும் கம்பம். குளிர்சாதனத்தின் வெளி அலகு எந்தப் பக்கம் சூட்டை ஊதுகிறது என்று முதலில் பாருங்கள்.

மே 19

கம்பம் நட்டாயிற்று. கூடு வீட்டிலேயே செய்தேன். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் தட்டுகள் எட்டு. கவிழ்த்து அடுக்கி, நடுவில் இருக்கும் தட்டுகளில் வட்டமாக ஓட்டை வெட்டி, இடையில் விரற்கடை இடைவெளி விட்டு மூன்று நீள போல்ட்டில் கோத்தேன். வெயிலும் மழையும் நுழையக் கூடாது, காற்று நுழைய வேண்டும். அவ்வளவுதான் தத்துவம்.

மேல் தட்டில் புத்திசாலித்தனமாக அலுமினியத் தாள் ஒட்டினேன். பளபளப்பாக இருந்தால் வெயில் திரும்பிவிடுமே! அன்று மதியம் சுழற்றிய வெப்பமானியை விட 2.6 கூடுதல். தாளை உரித்துவிட்டு வெள்ளை வண்ணம் அடித்த பிறகு, அதே போன்ற வெயிலில் 1.5 கூடுதல்.

உலோகப் பளபளப்பு வெயிலை நன்றாகத்தான் திருப்புகிறது. ஆனால் விழுங்கிய கொஞ்சத்தை வெளியே விடாது. அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை உமிழ்வதில் பளபளக்கும் உலோகம் மகா கஞ்சன். வெள்ளை வண்ணம் வெயிலைப் பெருமளவு திருப்பிவிட்டு, ஏறிய சூட்டையும் தாராளமாக வெளியே விட்டுவிடும். கண்ணுக்கு வெள்ளையாக இருப்பது அகச்சிவப்பில் ஏறக்குறைய கறுப்பு.

மே 20

"மரப்பெட்டிதானே முறையானது?" ஆமாம். ஸ்டீவன்சன் கூண்டு. 19ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்தது. அவர் ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். இரட்டைச் சாய்சட்டங்கள், வெள்ளை வண்ணம், கால்களின் மேல் நிற்கும் பெட்டி. இன்றும் தோற்கவில்லை. பெரிய மரப்பெட்டிக்குக் கொஞ்சம் மந்தகதி. காற்று மாறினால் அது மாற நேரம் எடுக்கும். அதனால் நொடிக்கொரு துள்ளலை எல்லாம் அது பதிவு செய்யாது, அது ஒரு வகையில் நல்லதும்கூட. எனக்குத் தச்சு வேலை வராது, தட்டு அடுக்கத்தான் வரும்.

கதவை எந்தப் பக்கம் வைப்பது என்று மட்டும் யோசித்து வையுங்கள். திறந்தால் உள்ளே வெயில் விழக் கூடாது. வடபாதியில் வடக்கே பார்த்து வைப்பது வழக்கம். மே 6 பதிவை மறுபடி படிக்கவும்.

ஜூன் 2

கம்பத்தில் புதுச் சிக்கல். விடியற்காலை 3 மணி, நல்ல மழை, சூரியன் பூமிக்கு அந்தப் பக்கம். அப்போதும் ஒரு டிகிரி கூடுதல்.

இரவும் பகலும் ஒரே அளவில் கூடுதல் என்றால் வெயில் குற்றவாளி இல்லை. அளவுகளை வைஃபையில் அனுப்பும் இஎஸ்பி 8266 மின்சுற்றுப் பலகையையும் சென்சாரையும் ஒன்றாகக் கூட்டுக்குள் திணித்திருந்தேன். வைஃபை ஓயாமல் ஓடுகிறது, பலகை கதகதப்பாக இருக்கிறது, கூட்டுக்குள் கணப்படுப்பு மூட்டியது போல. பலகையைக் கம்பத்தின் அடியில் வேறு பெட்டிக்கு மாற்றி, சென்சாருக்கு மட்டும் கம்பி இழுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து அளந்துவிட்டு உறங்கும்படி நிரலை மாற்றினேன். அந்த ஒரு டிகிரி காணோம்.

அப்படியானால் மே 19 எண்களிலும் இந்தச் சூடு கலந்திருக்கிறது. தாளா வண்ணமா என்ற ஒப்பீடு நிற்கும், இரண்டுக்கும் ஒரே பலகைதான். ஆனால் "வெயிலால் 1.5" என்று நான் பெருமையாகச் சொன்னதில் பெரும்பங்கு பலகையுடையது.

ஜூன் 14

ஒரு தப்பைத் திருத்தினால் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த தப்பு வெளியே வருகிறது. இப்போது தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் 0.4, 0.5 என்று குறைவாகக் காட்டுகிறது. இதுவும் கதிர்வீச்சுதான், திசை வேறு. மேல் தட்டு இரவு முழுக்கத் திறந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தெளிந்த வானம் கதிர்வீச்சுக் கணக்கில் ரொம்பக் குளிர்ச்சியானது. தட்டு வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றை விடக் குளிர்ந்துபோகிறது. அதிகாலையில் பனித்துளிகூடக் கோத்திருக்கிறது. மேகம் வந்தால் இந்தக் குறை மறைந்துவிடுகிறது. பலகைச் சூடு இருந்தவரை இது அதற்கு அடியில் அமுங்கிக் கிடந்தது.

சரிபார்க்க விடியற்காலை 4 மணிக்கு மாடியில் நின்று வெப்பமானியைக் கயிற்றில் சுழற்றினேன். தெருநாய்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து ஆட்சேபித்தன.

ஜூன் 23

மழை விட்டதும் திடீரென்று 3 டிகிரி குறைவு என்று எழுதியவருக்கு: பாதி உண்மை, பாதி ஈரம். மழை காற்றைக் குளிர்விப்பது உண்மை. ஆனால் சாரல் உள்ளே புகுந்து சென்சார் நனைந்திருந்தால் அது காயும்வரை ஈரக் குமிழ் வெப்பமானியாக வேலை செய்யும்: ஈரம் ஆவியாகும்போது சென்சாரையும் குளிர்வித்துவிடும். ஈரப்பதம் ரொம்ப நேரம் 99லேயே ஒட்டிக்கொண்டிருந்தால் நனைந்துவிட்டது என்று பொருள்.

ஜூலை 5

கூட்டுக்கு அருகிலேயே காற்றுவேகமானி கட்டியிருக்கிறேன். முறைப்படி 10 மீட்டர் உயரத்தில், தடைகளிலிருந்து அவற்றின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தள்ளி வைக்க வேண்டும். என்னுடையது ஒழுங்கு தப்பியதுதான். ஆனால் எனக்கு வேண்டியது ஊரின் காற்று இல்லை, சென்சாரின் மேல் படும் காற்று.

விசிறி வைத்த இரண்டாவது கூடு ஒன்றையும் செய்து பக்கத்தில் மாட்டினேன். இரட்டைக் குழாய், உள்குழாயில் சென்சார், கணினியில் வரும் சின்ன விசிறி. முதல் நாள் விசிறிக் கூடுதான் சூடாக இருந்தது! விசிறியைக் காற்று ஊதும் பக்கமாக வைத்திருந்தேன். மோட்டாரின் சூட்டையும் சேர்த்துச் சென்சாரின் மேல் ஊதிக்கொண்டிருந்தது. திருப்பி, சென்சாரைத் தாண்டிய பின் உறிஞ்சும்படி வைத்தவுடன் அடங்கியது. கீழே இருந்து காற்றை இழுப்பதால் தளத்தின் அனல் உள்ளே தெரியாமல் இருக்க வாயில் ஒரு தட்டும் வைத்தேன்.

இரண்டு வாரம் இரண்டையும் ஒப்பிட்ட பிறகு எழுதுகிறேன்.

ஜூலை 11

காத்திருக்கும் நேரத்தில் ஓர் ஊர்க்கதை. "எங்கள் வீட்டில் 47.8, சாதனை" என்று ஒருவர் குதித்திருக்கிறார். உலக சாதனைக்கே இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. லிபியாவின் எல் அஜிஜியாவில் 1922 செப்டம்பர் 13 அன்று பதிவான 58 டிகிரி, தொண்ணூறு ஆண்டு பாடப்புத்தகங்களில் இருந்தது. 2012இல் உலக வானிலை அமைப்பு அதைத் தள்ளிவிட்டது. அனுபவமில்லாத பணியாளர், பழகாத வகை வெப்பமானி, தவறாகப் படித்தது, சுற்றுப்புறத்துக்குப் பொருந்தாத தரையின் மேல் அளந்தது என்று பட்டியல் நீள்கிறது. இப்போது பட்டம் அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்குக்கு: 56.7, 1913 ஜூலை 10. நேற்றுதான் பிறந்தநாள். அதன் மேலும் சந்தேகப்படுபவர்கள் இருக்கிறார்கள்.

47.8 அண்ணன் முதலில் பனிநிலையைப் போடட்டும்.

ஜூலை 20

ஒப்பீடு. தட்டுக் கூட்டிலிருந்து விசிறிக் கூட்டைக் கழித்தால்: தெளிந்த மதியம், காற்று நொடிக்கு 1 மீட்டருக்குக் கீழே இருக்கும்போது 0.8 முதல் 1.1 வரை. காற்று 3 மீட்டரைத் தாண்டினால் 0.2. மேகம் மூடினால் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

ஆக என் தட்டுக் கூட்டின் தவறு ஒரு நிலையான எண் இல்லை. "எப்போதும் ஒன்றைக் கழித்துக்கொள்" என்று நிரலில் எழுதினால் இரவெல்லாம் ஒரு டிகிரி குறைத்துக் காட்டும், அங்கே ஏற்கெனவே அரை டிகிரி குறைவு. வெயிலும் காற்றும் சேர்ந்துதான் தவறைத் தீர்மானிக்கின்றன. மார்ச்சில் ஒருவர் "4ஐக் கழித்துவிட்டால் முடிந்தது" என்று சொன்னார், நான் பதில் சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன்: முடியாது.

இன்னொன்றும் கவனத்துக்கு வந்தது. தினசரிக் குறிப்பில் நாம் எழுதி வைப்பது உச்சமும் தாழ்வும் மட்டும். காற்று ஐந்து நிமிடம் ஓய்ந்து வெயில் சுள்ளென்று அடித்தால் போதும், அந்த ஐந்து நிமிடம்தான் அன்றைய உச்சமாகப் பதிவாகிவிடும். நாளெல்லாம் சரியாக இருந்த சென்சார் சரியில்லாமல் போன ஒரே நொடிதான் ஏட்டில் ஏறுகிறது.

ஜூலை 22

வேறு கருவிகளுக்கும் இதே தலைவலியா என்றால், இல்லை. அழுத்தமானியை வீட்டுக்குள்ளேயே வையுங்கள், காற்றழுத்தம் சுவருக்குள் நுழையும். மாடியில் இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது மட்டும் முக்கியம்: 8 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். மழைமானிக்கு வெயில் பொருட்டில்லை, சுவரும் மரமும்தான் எதிரி. தடை எவ்வளவு உயரமோ அதில் இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். காக்கைக்கு உட்கார இடம் கொடுக்காமல் இருப்பதும் நல்லது. காரணம் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 16

விசிறி செத்துவிட்டது. தெரியவே இல்லை. நான்கு நாளாக விசிறிக் கூடு தட்டுக் கூட்டை விட 3 டிகிரி கூடுதல். நான் தட்டுக் கூட்டைத்தான் சந்தேகப்பட்டுக் கழற்றிக் கழுவினேன். விசிறி நின்றால் அது வெறும் அடைத்த குழாய், அடுப்பு மாதிரி. இடைவெளி விட்ட தட்டுகளாவது தானே மூச்சு விடும்.

கழுவியதில் ஒரு நன்மை: உள்ளே சிலந்தி வலை, ஒரு குளவி மண்கூடு, மேல் தட்டில் பழுப்பேறிய தூசி. தூசி படிந்த வெள்ளை வெள்ளை இல்லை. மாதம் ஒரு முறை சோப்புத் தண்ணீர்.

விசிறி சுற்றுகிறதா என்பதையும் இனி பதிவு செய்ய வேண்டும். சென்சாரைக் கண்காணிக்க ஒரு சென்சார். இது எங்கே போய் முடியும் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

செப்டம்பர் 28

வடக்குச் சுவரில் பழைய சில்லை வேண்டுமென்றே விட்டு வைத்திருந்தேன். ஆகஸ்ட் கடைசியிலிருந்து காலைக் கொம்பு தேய்ந்துகொண்டே வந்தது. கடந்த ஐந்து நாளாக இல்லை. நான் எதையும் தொடவில்லை. ஏப்ரலில் கழற்றிப் போட்ட, "கெட்டுப்போன" அதே சில்லுதான் இது.

அக்டோபர் 9

கேள்வியாளர் திரும்பி வந்திருக்கிறார். கீழே தோட்டத்து மண்ணில் கம்பம் நட்டு, தட்டுக் கூட்டுக்குள் சென்சாரை மாற்றிவிட்டாராம். ஒரு மாத ஒப்பீட்டில் நிலையத்தை விடப் பகலில் சராசரியாக 0.8 கூடுதல், பனிநிலை ஒத்துப்போகிறது. "இந்த 0.8ஐ எப்படி ஒழிப்பது?"

எதற்கு ஒழிக்க வேண்டும்? காற்று வீசும் நாளையும் வீசாத நாளையும் பிரித்துப் பாருங்கள். காற்று வீசினால் 0.8 சுருங்கிப் போகிறது என்றால் அது கூட்டின் தவறு. மேகமும் காற்றும் இருக்கும் நாளிலும் அதே 0.8 நின்றால், அது உங்கள் தெருவின் சூடு. நிலையம் 6 கிலோமீட்டர் தள்ளித் திறந்த வெளியில் இருக்கிறது, நீங்கள் வீடுகளுக்கு நடுவில் இருக்கிறீர்கள். அவர்கள் அங்கே இருப்பதைச் சொல்கிறார்கள். நீங்கள் வாங்கிய கருவி உங்கள் வீட்டில் இருப்பதைச் சொல்லத்தானே?

மார்ச்சில் நீங்கள் போட்ட கட்சியில் ஒரு 0.8 அளவுக்கு நியாயம் இருந்திருக்கலாம். மீதி 3.4 சுவருடையது.

அக்டோபர் 10

பிரித்துப் பார்த்துவிட்டார். காற்று வீசும் மேகமூட்ட நாட்களில் 0.5. ஆக 0.5 தெரு, 0.3 கூடு. நேற்று நான் கொடுத்த 0.8ஐ 0.5 என்று திருத்திக்கொள்ளவும்.

புது விசிறி வந்திருக்கிறது. மழை விட்டால் ஞாயிறு மாட்டுகிறேன். தட்டுக் கூட்டில் குளவி மறுபடி மண் சேர்க்க ஆரம்பித்துவிட்டது.